எந்த எரிமலைக்கு மாணவர்களை அழைத்துச் செல்வது: லாசென், ஹவாய், யெல்லோஸ்டோன் ஓர் ஒப்பீடு

நிலவியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர்களை எரிமலைப் பூங்கா ஒன்றுக்குக் களப்பயணமாக அழைத்துச் செல்லலாம் என்று வட கலிபோர்னியக் கல்லூரி ஒன்றின் துறை தீர்மானித்தால், அடுத்த கூட்டத்தில் மூன்று பெயர்கள் தவறாமல் அடிபடும். ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவை இளம் ஆசிரியர்கள் முன்மொழிவார்கள். அங்கே இப்போதும் நெருப்புக்குழம்பு பீறிடுகிறது. யெல்லோஸ்டோன் என்பார் இன்னொருவர். உலகின் முதல் தேசியப் பூங்கா என்ற பெயரே மாணவர்களைச் சேர்த்துவிடும் என்பது அவர் வாதம். சாலை வழியாகவே போய்விடக்கூடிய லாசென் எரிமலைத் தேசியப் பூங்காவின் பெயரைச் சொல்பவர் பெரும்பாலும் செலவுக் கணக்குப் பார்ப்பவராக இருப்பார், அதனாலேயே அந்தப் பெயர் சற்றுத் தாழ்ந்த குரலில் ஒலிக்கும். செலவைத் தள்ளிவைத்துவிட்டுப் பாறைகளை மட்டும் வைத்து மதிப்பிட்டாலும், தொடக்கநிலை மாணவர்களுக்கு லாசெனே முதலிடம் பெறும் என்பதுதான் என் முடிவு. அந்த முடிவுக்கான காரணங்களையும், அது எந்தச் சூழலில் மாறக்கூடும் என்பதையும் இக்கட்டுரை விரிவாகப் பார்க்கிறது.

யாருக்கான பயணம் என்பதை வரையறுக்காமல் இந்த ஒப்பீட்டைச் செய்ய இயலாது. சாக்ரமென்டோ வட்டாரத்திலிருந்து கிளம்பும் இருபது மாணவர்கள், கனிமவியலையும் பாறையியலின் தொடக்கப் பாடங்களையும் முடித்தவர்கள், அவர்களில் பாதிப்பேராவது வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், ஆகவே ஐந்து நாளுக்கு மேல் விடுப்பு எடுக்க முடியாதவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இவர்களுக்குக் களத்தில் கிடைக்க வேண்டியது காட்சி இன்பம் மட்டுமாக இருக்க முடியாது. ஒரு பாறையின் முன் நின்று, கை லென்ஸையும் குறிப்பேட்டையும் மட்டும் துணைக்கொண்டு, இது எதற்கு முன் வந்தது, எதற்குப் பின் வந்தது, எப்படி வந்தது என்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவைப் பக்கத்தில் நிற்கும் சக மாணவரிடம் சான்று காட்டி நிறுவும் பழக்கம் அவர்களுக்கு வர வேண்டும். ஒரு பூங்கா அந்தப் பழக்கத்திற்கு எவ்வளவு இடம் தருகிறது என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்கிறேன். நாளில் எத்தனை மணி நேரம் வண்டிக்குள் கழியும், பனியோ புகையோ சாலை அடைப்போ குறுக்கிட்டால் எத்தனை நாள் வீணாகும் என்பவை அடுத்த அளவுகோல்கள்.

மூன்று பூங்காக்களுக்கும் பொதுவான ஒரு கட்டுப்பாட்டை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் பாறையை உடைப்பதும், ஒரு கூழாங்கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வதும் கூட்டாட்சி விதிகளின்படி குற்றம். ஆய்வுக்கான மாதிரி எடுக்கத் தனி அனுமதி உண்டு. ஆனால் அது வரையறுக்கப்பட்ட ஆய்வுத் திட்டங்களுக்கானது, வகுப்புப் பயணத்திற்கு அதைக் கேட்டுப் பெறுவது எளிதன்று. சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டிய இடம் என்பதால், புதிய பாறை முகம் இயற்கையாகவே வெளிப்பட்டுக் கிடக்கும் இடங்களுக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. பாசியும் அரிப்பும் மூடிய பாறையை வெறும் கண்ணால் பார்த்து இரண்டாம் ஆண்டு மாணவர் எதையும் சொல்லிவிட முடியாது.

யெல்லோஸ்டோனை விரைவாகவே ஒதுக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். அதன் பெருமையில் எனக்கு ஐயம் இல்லை. அந்தப் பெருமையே இங்கு இடையூறாகிறது. சுமார் 21 லட்சம், 13 லட்சம், 6.4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே மூன்று மாபெரும் வெடிப்புகள் நிகழ்ந்தன. முதல் வெடிப்பு மட்டும் ஏறத்தாழ 2,450 கன கிலோமீட்டர் பொருளை வெளியேற்றியது. மூன்றாவது சுமார் 1,000 கன கிலோமீட்டர். மூன்றாவது வெடிப்பில் தரை உள்வாங்கிப் பிறந்த கால்டெரா எழுபது கிலோமீட்டர் நீளம் கொண்டது. அதன் பின் சுமார் 70,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை வழிந்த, சிலிக்கா மிகுந்த ரியோலைட் குழம்புகள் அந்தப் பள்ளத்தின் பெரும் பகுதியை நிரப்பி, விளிம்பையும் பல இடங்களில் மறைத்துவிட்டன. அதாவது, எரிமலையின் நடுவே நிற்கும் மாணவருக்கு எரிமலை கண்ணில் படாது. கிப்பன் அருவிக்கு அருகில் சாலையோரத்தில் நிறுத்தி, இதுதான் கால்டெராவின் விளிம்பு, இந்தச் சுவரில் தெரிவது வெடிப்புச் சாம்பல் வெப்பத்தில் ஒட்டி இறுகிய பாறை என்று ஆசிரியர் சொல்லலாம்; மாணவர் எழுதிக்கொள்ளலாம். அந்த இடத்தில் மாணவர் தானாகக் கண்டுபிடிக்கக்கூடியது குறைவு.

சுமார் 9,000 சதுர கிலோமீட்டர் பரப்பும் 10,000க்கும் மேற்பட்ட வெந்நீர் அம்சங்களும் கொண்ட பூங்காவில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்திற்குப் போவதிலேயே காலை கழிந்துவிடும். கோடையில் காட்டெருமைக் கூட்டம் சாலையைக் கடக்கும்போது வண்டி வரிசை நின்றுவிடுவது அங்கே அன்றாட நிகழ்ச்சி. வெந்நீர் பீறிடும் கீசர்ப் படுகைகளில் மரப்பலகை நடைபாதையை விட்டு இறங்கக் கூடாது. மெல்லிய தரைக்குக் கீழே கொதிநீர் இருப்பதால் அந்த விதி முற்றிலும் நியாயமானது, ஆனால் பலகையின் மேல் வரிசையில் நின்றபடி களப்பணி செய்ய முடியாது. 2024 ஜூலை 23 அன்று பிஸ்கட் படுகையில் நிகழ்ந்த நீராவி வெடிப்பு பார்வையாளர்கள் நின்ற நடைபாதையையே சிதைத்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்பது நல்லூழ். சாக்ரமென்டோவிலிருந்து சாலை வழியே போகவும் வரவும் மூன்று நாள் எடுத்துக்கொண்டால், ஐந்து நாளில் மிஞ்சுவது இரண்டே. சூடான நீரில் வாழும் நுண்ணுயிர்களையும் சேர்த்துப் படிக்கும் வகுப்புக்கு யெல்லோஸ்டோன் நிகரற்றது: இன்று உலகெங்கும் மரபணுச் சோதனைக்கூடங்கள் நம்பியிருக்கும் நொதி, நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக் 1960களில் அங்கிருந்த ஊற்றுகளில் கண்டறிந்த பாக்டீரியாவிலிருந்து வந்தது. பாறையை முதன்மையாகக் கொண்ட தொடக்கநிலை வகுப்புக்கு அது ஏற்றதன்று.

ஆகவே உண்மையான போட்டி ஹவாய்க்கும் லாசெனுக்கும் இடையில்தான். இரண்டும் ஒரே மாதத்தில் தேசியப் பூங்காக்கள் ஆனவை என்பது ஒரு சுவையான தற்செயல்: ஹவாய் 1916 ஆகஸ்ட் 1, லாசென் அதே ஆண்டு ஆகஸ்ட் 9. இரண்டுக்கும் அப்போது ஒரே தகுதிதான், எரிந்துகொண்டிருந்தன.

ஹவாயின் வலிமை எதில் இருக்கிறது என்பதைக் கீலவேயா எரிமலையில் உள்ள கீலவேயா இக்கி என்ற பக்கவாட்டுப் பள்ளத்தை வைத்தே சொல்லிவிடலாம். 1959 நவம்பர் 14 அன்று அந்தப் பள்ளத்தின் சுவரில் பிளவு திறந்தது. ஐந்து வாரங்களில் 17 கட்டங்களாக வெடித்த அந்த நிகழ்வில் ஒரு கட்டத்தில் குழம்பு 580 மீட்டர் உயரம் வரை பீறிட்டது. பள்ளத்தில் தேங்கிய குழம்பு 120 மீட்டர் அளவுக்கு ஆழமான ஏரியாயிற்று. காய்ச்சிய பாலின் மேல் ஏடு படிவதைப்போல அதன் மேற்பரப்பு இறுக, அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையினர் 1960லேயே அந்த ஏட்டின் மேல் ஏறித் துளையிடத் தொடங்கினார்கள். 1980களின் இறுதி வரை அவ்வப்போது துளையிட்டு, மேலோடு ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு தடித்தது, உள்ளே எந்த வெப்பநிலையில் எந்தக் கனிமம் படிகமாயிற்று என்று அளந்தார்கள். குழம்பு குளிரும்போது என்ன நிகழ்கிறது என்பதற்குப் பாடநூல்களில் வரும் வரைபடங்கள் பலவற்றின் பின்னால் இந்த ஓர் ஏரி இருக்கிறது. இன்று 5.3 கிலோமீட்டர் வட்டப் பாதையில் 120 மீட்டர் இறங்கி, அந்த ஏரியின் மேலேயே குறுக்காக நடந்து போகலாம். காலை வேளையில் வெடிப்புகளிலிருந்து ஆவி எழும். அது மழைநீர் சூடான பாறையைத் தொட்டுத் திரும்பும் ஆவி. குனிந்து பார்த்தால் கருமையான பசால்ட் என்ற எரிமலைப் பாறையில் ஒலிவின் என்ற கனிமத்தின் இளம்பச்சை மணிகள் வெறும் கண்ணுக்கே தெரியும். பள்ளச் சுவரில் ஒரு கரிய விளிம்பு பட்டையாக ஓடும்: குழம்பு அவ்வளவு உயரம் வரை நிரம்பி, பிறகு வந்த வழியே வடிந்து இறங்கியதற்கான தழும்பு அது.

இதற்கு இணையான ஓர் இடம் லாசெனில் இல்லை என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். கடல்வரை இறங்கும் பள்ளங்களின் தொடர்ச் சாலை இன்னொரு பாடம்: சுமார் முப்பது கிலோமீட்டர் தூரத்தில் ஆயிரம் மீட்டருக்கும் மேல் இறங்கும் அந்தச் சாலையில், 1969 முதல் 1974 வரை மௌனா உலு என்ற எரிமலை வாய் கக்கிய குழம்பு வழவழப்பான பாஹோயிஹோயியாகவும் முள்முள்ளான ஆஆவாகவும் அடுத்தடுத்துக் கிடக்கும். தீவின் தென்பக்கம் கடலை நோக்கிப் படிப்படியாகச் சரிந்து இறங்குவதைக் காட்டும் செங்குத்துச் சரிவுகளும் அங்கேயே உள்ளன. 1975 நவம்பர் 29 அன்று நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் அந்தக் கரையின் சில பகுதிகள் மூன்று மீட்டருக்கும் மேல் தாழ்ந்தன. கரையில் முகாமிட்டிருந்தவர்களில் இருவர் கடல் அலையில் இறந்தார்கள். 2018இல் கீலவேயாவின் கீழைப் பிளவு வலயத்தில் குழம்பு வெளியேறி எழுநூறுக்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தபோது, மலையுச்சியில் ஹலேமாஉமாஉ பள்ளத்தின் தரை சில இடங்களில் ஐந்நூறு மீட்டருக்கும் மேல் உள்வாங்கியது. விளிம்பில் இருந்த ஆய்வு நிலையக் கட்டடமும் அருங்காட்சியகமும் சேதமடைந்து கைவிடப்பட்டன. 1912இல் எரிமலையியலாளர் தாமஸ் ஜாகர் தொடங்கிய அந்த ஆய்வு நிலையம் இப்போது ஹிலோ நகரிலிருந்து இயங்குகிறது.

இத்தனைக்குப் பிறகும் ஹவாயை இரண்டாம் இடத்தில் வைப்பதற்கு முதற்காரணம், அங்கே கிடைப்பது ஏறத்தாழ ஒரே பாறை என்பதுதான். கீலவேயா, மௌனா லோவா ஆகிய இரு எரிமலைகளும் தருவது பசால்ட். அதன் தோற்றங்கள் ஆயிரம், ஆனால் வேதியியலில் வேறுபாடு குறைவு. சிலிக்காவின் அளவு ஏற ஏற வரிசையாக வரும் ஆண்டசைட்டையும் டேசைட்டையும் ரியோலைட்டையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டிருக்கும் மாணவருக்கு அந்தத் தேர்வை அந்தப் பூங்கா வைப்பதில்லை. இன்னொன்று, அங்கே பெரும்பாலான குழம்புகளுக்குத் தேதி ஏற்கெனவே தெரியும். ஆண்டு, மாதம், பலவற்றுக்கு மணி நேரம் கூடப் பதிவாகியிருக்கிறது. விடை தெரிந்த இடத்தில் ஒரு நிகழ்முறையைச் சோதித்துப் பார்ப்பது மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு மிக உயர்ந்த பயிற்சி. விடையைத் தேடக் கற்கும் நிலையில் இருப்பவருக்கு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பலகை முந்திக்கொண்டு விடையைச் சொல்லிவிடும் இடம் அவ்வளவு உதவாது.

பீறிடும் குழம்பைப் பார்க்கலாமே என்ற வாதம்தான் கூட்டத்தில் எல்லோரையும் சாய்த்துவிடும் என்பதால் அதையும் நேராகப் பார்ப்போம். 2024 டிசம்பர் 23 முதல் ஹலேமாஉமாஉ பள்ளத்தில் குழம்பு ஊற்றுகள் விட்டுவிட்டுப் பீறிட்டு வருகின்றன. சில கட்டங்களில் முந்நூறு மீட்டரையும் தாண்டின. ஒரு கட்டம் சில மணி நேரம் முதல் ஒரு நாள் அளவில் முடிந்துவிடும், அடுத்தது தொடங்கச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். பல மாதம் முன்பே விமானச் சீட்டு எடுக்கும் ஒரு வகுப்பு அந்த இடைவெளியில் போய் இறங்குவதற்கான வாய்ப்பே மிகுதி. பீறிடும் நாளில் போய்ச் சேர்ந்தாலோ, காற்றின் திசையைப் பொறுத்துச் சாம்பலும் கண்ணாடி இழைகளும் விழும் பகுதிகள் மூடப்படும்; கந்தக டையாக்சைடு கலந்த மூட்டம் ஆஸ்துமா உள்ள மாணவர்களை விடுதியிலேயே இருத்திவிடும். அந்தக் காட்சியைக் கண்ட மாணவர் வாழ்நாள் முழுவதும் நிலவியலில் நிலைத்துவிடக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்காக இருபது பேரின் விமானக் கட்டணத்தைப் பணயம் வைக்க முடியாது என்பதே என் நிலை.

விருந்தினராகப் போகிறோம் என்ற உணர்வும் அங்கே வேண்டும். கீலவேயாவின் உச்சி, பெலே என்ற தெய்வத்தின் இருப்பிடமாக ஹவாய்ப் பூர்வகுடியினர் போற்றும் இடம். பள்ளத்தின் விளிம்பில் காணிக்கை செலுத்துபவரைக் கண்டால் மாணவர்கள் விலகி நின்று வழிவிட வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லிவைக்க வேண்டியிருக்கும்.

இனி லாசென். கோர்டா என்ற சிறிய புவித்தட்டு வட அமெரிக்கத் தட்டின் கீழ் அமிழ்வதால் உருவான காஸ்கேட் எரிமலைத் தொடரின் தென்கோடியில், இன்னும் உயிர்ப்புடன் இருக்கும் எரிமலை இது. பூங்கா 430 சதுர கிலோமீட்டர்தான். யெல்லோஸ்டோனில் இருபதில் ஒரு பங்கு. அட்சுகேவி, யானா, யாஹி, மலை மைடு ஆகிய தொல்குடிகளின் நிலங்கள் சந்தித்த இடம். கேடய எரிமலை, அடுக்கு எரிமலை, சாம்பற்கூம்பு, அடைப்புக் குவிமாடம் என நால்வகையும் ஒரே பூங்காவில் என்று சுற்றுலாக் கையேடுகள் விளம்பரப்படுத்தும். விளம்பரமாக இருந்தாலும் உண்மை. பசால்டிலிருந்து டேசைட் வரை பாறை மாறுவதையும், அதற்கேற்ப மலையின் வடிவம் மாறுவதையும் ஒரே நாளில் கண்ணால் தொடர முடிகிறது.

என் தேர்வைத் தீர்மானித்த இடம் பூங்காவின் வடகிழக்கு மூலையில், பட் ஏரிக்கு அருகில் இருக்கிறது. சாம்பற்கூம்பு என்ற பொதுப்பெயரையே தன் பெயராகக் கொண்ட அந்தக் குன்று சுற்றுத் தரையிலிருந்து இருநூறு மீட்டருக்குச் சற்று மேல் உயரும். சரிவின் கோணத்தை மாணவர்கள் சாய்வுமானியால் அளந்தால் முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில் வரும். அதற்கு மேல் ஏன் செங்குத்தாக முடியாது என்பது காலுக்கடியில் சரியும் பொருக்குகளில் இரண்டடி ஏறி ஓரடி சறுக்கும்போதே விளங்கிவிடும். உச்சியிலிருந்து கீழே பார்த்தால் இரண்டு வகைக் குழம்புப் பரப்புகள் தெரியும். ஒன்று கரியது, கரடுமுரடானது, வெறுமையானது. இன்னொன்றின் மேல் சாம்பல் போர்த்தியிருக்கும். அந்தச் சாம்பல் செம்மையும் ஆரஞ்சும் மஞ்சளுமாக நிறம் மாறியிருக்கும். எது முந்தியது என்று கேட்டுவிட்டு ஆசிரியர் வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடம் இது. சாம்பல் விழுந்தபோது இருந்த குழம்பின் மேல்தான் சாம்பல் இருக்கும், ஆகவே வெறுமையானது பிந்தியது என்று ஒருவர் சொல்வார். சாம்பல் ஏன் நிறம் மாறியது என்று இன்னொருவர் கேட்பார். அடியில் இருந்த குழம்பு அப்போது இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும், அந்தச் சூட்டில் இரும்பு ஆக்சிசனேறியது, ஆகவே இரண்டு நிகழ்வுகளுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்ற முடிவு வரை, பலகை எதுவும் இல்லாமலே அவர்களால் போய்ச் சேர முடியும்.

அதே குழம்பின் ஒரு துண்டைக் கை லென்ஸில் பார்த்தால் அடுத்த புதிர் காத்திருக்கும். இருண்ட பாறையில் பச்சை ஒலிவின் மணிகளுக்கு அருகிலேயே கண்ணாடிபோல் தெளிந்த குவார்ட்ஸ் மணிகள் கிடக்கும். சிலிக்கா குறைந்த குழம்பில் ஒலிவின் விளையும், மிகுந்ததில் குவார்ட்ஸ் விளையும், இரண்டும் ஒன்றாக நிலைபெறாது என்று வகுப்பில் மனப்பாடம் செய்துவிட்டு வந்தவர் இங்கே திகைப்பார். 1891இலேயே நிலவியலாளர் ஜே. எஸ். டில்லர் இந்த விந்தையைக் குறித்து எழுதினார். மேலேறி வந்த குழம்பு வழியிலிருந்த பழைய பாறையைப் பெயர்த்து உள்வாங்கியது, அதிலிருந்து வந்த குவார்ட்ஸ் கரைந்து முடிவதற்குள் குழம்பு இறுகிவிட்டது என்பதுதான் விடை. மணிகளைச் சுற்றிப் படிந்திருக்கும் மெல்லிய விளிம்பைக் கூர்ந்து பார்ப்பவருக்கு அந்த விடை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. குன்றின் வயதும் ஒரு வழக்காகவே இருந்தது. 1850களில் அது வெடித்ததாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலர் உறுதியாகச் சொன்னார்கள். மர வளையங்களும் பாறையில் பதிந்த காந்தத் திசையும் கதிர்கார்பன் அளவுகளும் சேர்ந்து அந்தக் கூற்றைத் தள்ளி, வெடிப்பை 1666ஐ ஒட்டிய காலத்தில் நிறுத்தியிருக்கின்றன. நேரில் பார்த்தவர் சொன்னார் என்பதைவிட மரமும் பாறையும் சொல்வது ஏன் வலுவானது என்று விவாதிக்க இதைவிடப் பொருத்தமான மேடு எனக்குத் தெரியவில்லை.

மேற்குப் பக்கத்தில் 3,187 மீட்டர் உயரமுள்ள லாசென் சிகரம் நிற்கிறது. சுமார் 27,000 ஆண்டுகளுக்கு முன் பிசுபிசுப்பான டேசைட் குழம்பு வழியாமல் குவிந்து எழுந்த மாபெரும் குவிமாடம். 1914 மே 30 அன்று அது விழித்தது. அடுத்த ஆண்டு மே 19 இரவு உச்சியிலிருந்த புதுக் குவிமாடம் சிதறி, பனியைப் பெயர்த்துக்கொண்டு சரிவும் சேற்று வெள்ளமும் வடகிழக்கே பாய்ந்தன. மே 22 பிற்பகலில் வெடித்த பெருவெடிப்பின் சாம்பல் தூண் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் எழுந்தது, நெவாடாவில் 320 கிலோமீட்டர் தொலைவு வரை தூசு விழுந்தது. வெடிப்பை அப்போதே பி. எஃப். லூமிஸ் எடுத்த படங்கள் இன்றும் இருப்பதால், அதே கோணத்தில் நின்று படமெடுத்து நூறாண்டு மாற்றத்தை ஒப்பிடும் பயிற்சியும் செய்யலாம். அழிவுப் பகுதி என்றே பெயர் பெற்றுவிட்ட சரிவில் கிடக்கும் கற்களில்தான் கதையின் மையம் இருக்கிறது. கருநிற டேசைட் 19, 20 தேதிகளுக்கு உரியது; 22ஆம் தேதியின் நுரைக்கல்லிலோ வெளிறிய பட்டையும் கரும்பட்டையும் மாறிமாறி ஓடும். கல்லுக்குள் முட்டை அளவிலும் அதைவிடப் பெரிதாகவும் கரிய ஆண்டசைட் உருண்டைகள் பதிந்திருக்கும். அவற்றின் ஓரம் நெளிந்தும் நுண்ணிய மணிகள் கொண்டும் இருப்பதால், திண்மக் கல்லாக விழுந்தவை அல்ல, குளிர்ந்த டேசைட்டுக்குள் சூடான குழம்பாகப் புகுந்து சட்டென இறுகியவை என்று மாணவரே முடிவு கட்டலாம். சூடான குழம்பு புகுந்ததுதான் வெடிப்பைத் தூண்டியது என்ற இன்றைய விளக்கத்திற்கு அங்கிருந்து ஓர் அடி தூரம்தான்.

மற்ற நிறுத்தங்களை ஓரிரு சொற்களில் முடிக்கிறேன். புரோக்காஃப் மலையும் அதன் அண்டை முகடுகளும் சுமார் நான்கு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அடங்கிப்போன அடுக்கு எரிமலையின் எச்சங்கள். அவற்றின் குழம்பு அடுக்குகள் எந்தத் திசையில் சாய்கின்றன என்று வரைபடத்தில் குறித்து நீட்டினால் காணாமல் போன சிகரத்தைத் தாளில் மீட்டெடுக்கலாம். பம்பஸ் ஹெல் என்ற கொதிநீர்ப் படுகை 1865இல் மேலோடு உடைந்து காலை வேகவைத்துக்கொண்டு, பிறகு அந்தக் காலையே இழந்த கெண்டல் பம்பஸின் பெயரைத் தாங்குகிறது. பலகையை விட்டு இறங்காதே என்பதற்கு வேறு விரிவுரை தேவைப்படாது. கேயாஸ் கிராக்ஸ் குவிமாடங்களிலிருந்து சுமார் 350 ஆண்டுகளுக்கு முன் சரிந்த பாறைக் குவியல்தான் மன்சானிடா ஏரியை அணைகட்டி உருவாக்கியது. மீண்டும் சரியலாம் என்ற அச்சத்தில் 1974இல் அங்கிருந்த விடுதியையும் பார்வையாளர் வசதிகளையும் மூடினார்கள். அந்த முடிவு சரியா என்று மாணவர்களை இரு அணியாகப் பிரித்து வாதிடவிட்டால் ஒரு மாலை நன்றாகக் கழியும்.

குறைகளும் உண்டு, அவற்றில் பெரியது காலம். பூங்காவின் நடுவே செல்லும் சாலை 2,594 மீட்டர் வரை ஏறுகிறது. நவம்பர் வாக்கில் மூடப்பட்டால், பனியின் அளவைப் பொறுத்து ஜூனிலோ சில ஆண்டுகளில் ஜூலையிலோதான் முழுவதும் திறக்கும். வசந்தகால விடுமுறையில் போகலாம் என்ற எண்ணத்தை உடனே விட்டுவிட வேண்டும். கோடையின் பிற்பகுதியில் காட்டுத்தீப் புகை இன்னொரு சிக்கல். 2021இல் டிக்ஸி தீ பூங்காவின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் பரவியது, கருகி நிற்கும் மரங்கள் காற்றில் விழுவதால் அவற்றினடியில் கூட்டமாக நிற்க விடக்கூடாது. பட் ஏரிக்குப் பூங்காவின் நடுச்சாலை வழியே போக முடியாது; வெளியே வந்து வடக்கேயுள்ள 44ஆம் நெடுஞ்சாலையில் சுற்றிப் போக வேண்டும், மன்சானிடா ஏரியிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம். நடக்க இயலாத மாணவர் இருந்தால் சாம்பற்கூம்பின் சரிவு அவருக்கு எட்டாது; அவருக்காகச் சக்கர நாற்காலி செல்லக்கூடிய அழிவுப் பகுதிப் பாதையையும் சாலையோரத்தில் இருக்கும் கந்தக ஊற்றுகளையும் கூடுதல் நேரம் வைத்துத் திட்டமிட வேண்டும். இந்த ஒன்றில், விளிம்புச் சாலையிலிருந்தே பெரும்பாலானவற்றைக் காட்டும் ஹவாய் தெளிவாக முந்துகிறது.

குழம்புக் குகையும் இளம் பசால்டும் லாசெனில் கிடைக்காதே என்பாருக்கு, பூங்கா எல்லைக்கு வெளியே லாசென் தேசிய வனத்தில் இருக்கும் சப்வே குகையைக் காட்டலாம். ஹேட் கிரீக் பசால்டுக்குள் சுமார் நானூறு மீட்டர் நடந்து மறுபக்கம் வெளியேறலாம், அருகிலேயே அந்தப் பள்ளத்தாக்கின் ஓரத்தை எழுப்பி நிறுத்திய பிளவுப் பெயர்ச்சியின் நெடிய சுவரும் தெரியும். தேசிய வனத்தின் விதிகள் பூங்காவினதைவிடச் சற்றுத் தளர்ந்தவை என்பதால், வகுப்புக்காகச் சில மாதிரிகள் எடுக்க வன அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுப் பார்க்கலாம். பூங்காவின் தென்மேற்கு நுழைவாயில் சாக்ரமென்டோவிலிருந்து மூன்று மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான தூரம். வெள்ளி மதியம் கிளம்பிச் செவ்வாய் இரவு திரும்பினால், வேலைக்குப் போகும் மாணவர்களுக்கும் இழப்பு குறைவு. கல்வி நிறுவனங்களுக்கு நுழைவுக் கட்டண விலக்கு உண்டு, ஆனால் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். முகாம் கட்டணத்திற்கு அது பொருந்தாது.

என் பரிந்துரை இதுதான். இரண்டாம் ஆண்டினருக்கு லாசென். செப்டம்பர் தொடக்கத்தில், தொழிலாளர் தின விடுமுறைக் கூட்டம் கலைந்த அடுத்த வாரம். புகை மிகுந்தால் இரண்டு வாரம் தள்ளிவைக்க இடம் விட்டு முகாம் பதிவு செய்ய வேண்டும். பாறையியல் மேல்நிலைப் பாடம் எடுக்கும் நான்காம் ஆண்டினருக்கு, கீலவேயா இக்கிப் பாறையின் நுண்படலங்களை, அதாவது நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக மெலிதாகச் சீவிய துண்டுகளை, ஆய்வகத்தில் ஒரு பருவம் பார்த்து முடித்த பிறகு, குளிர்கால விடுமுறையில் ஹவாய். பனிச்சாலைக் கவலை அங்கே இல்லை, கட்டணத்தையும் ஓராண்டு முன்பிருந்தே சேர்க்கலாம். யெல்லோஸ்டோனை முதுகலையினருக்கு விட்டுவிடலாம்.

லாசெனில் முதல் முழு நாளைப் பட் ஏரியில் தொடங்குவது நல்லது. கால்கள் புதிதாக இருக்கும்போதே சாம்பற்கூம்பை ஏறிவிடலாம், சூரியன் ஏறும் முன் கருங்குழம்பின் வெக்கையும் குறைவாக இருக்கும். கடைசி நாளை அழிவுப் பகுதிக்கு ஒதுக்க வேண்டும். அந்தப் பாதையில் விளக்கப் பலகைகள் ஏராளம் என்பதால், மாணவர்களை அவற்றுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்தி, எந்தக் கல் மே 19க்கு உரியது, எது மே 22க்கு உரியது, எது 27,000 ஆண்டுப் பழையது என்று படம் வரைந்து காரணத்தோடு எழுதச் சொல்ல வேண்டும். பலகையைப் படிக்கும் அனுமதி குறிப்பேட்டை ஒப்படைத்த பிறகுதான்.